தன்பாலீர்ப்பு உடையோரும் மனநலச் சேவையும்: நோயாளியும் குடும்பத்தாரும் கேட்டறிய வேண்டியவை



உறக்கமின்மை, மனச்சோர்வு, பதற்றம், வாழ்வில் பிடிப்பின்மை ஆகிய காரணங்களுக்காக மனநலப் பிரிவை நாடுவோருள் தன்பாலீர்ப்பு உடையோரும் இருபாலீர்ப்பு உடையோரும் உள்ளனர். அவர்களுள் பலர் அதனை மருத்துவரிடம்கூடச் சொல்வதில்லை. வேறு சிலரைப் பெற்றோரே அழைத்து வந்து, "எப்படியாவது இவனை மாற்றிக் கொடுங்கள்" என்று கண்ணீருடன் கேட்கின்றனர். அவ்வேளையில் எதிரே அமர்ந்திருக்கும் உளவியலாளர் என்ன விடை சொல்கிறார் என்பதைப் பொறுத்தே, அந்த இளைஞர் மீண்டும் உதவி தேடி வருவாரா, இனி எவரையும் நம்புவதில்லை என்று முடிவு செய்வாரா என்பது அமைகிறது.

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் இதன் தாக்கம் மிகுதி. ஓர் உளவியலாளரிடம் நம்பிக்கை இழந்தால், மற்றொருவரைத் தேடிப் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ பேருந்து ஏற வேண்டியிருக்கிறது. மருத்துவமனைப் பதிவு மேசையில் இருப்பவரும், மருந்துக் கடையில் பக்கத்தில் நிற்பவரும் உறவினராகவோ அண்டை வீட்டாராகவோ இருக்கக்கூடும். ஆகவே, நல்ல மனநலச் சேவை எவ்வாறு இருக்கும் என்பதை நோயாளியும் குடும்பத்தாரும் முன்கூட்டியே அறிந்திருப்பது நன்று. அதற்கு உதவும் செய்திகளை இங்குத் தொகுத்துத் தருகிறோம்.

சொற்களின் பொருள்

ஆணுக்கு ஆண்மீதோ, பெண்ணுக்குப் பெண்மீதோ காதலும் பாலியல் ஈர்ப்பும் தோன்றுவதைத் தன்பாலீர்ப்பு என்கிறோம். ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தார்மீது ஈர்ப்புத் தோன்றுவது இருபாலீர்ப்பு. இவை ஒருவர் யாரை விரும்புகிறார் என்பதைக் குறிப்பவை.

திருநங்கையர், திருநம்பியர் நிலை வேறு. அது, ஒருவர் தம்மை ஆணாக உணர்கிறாரா, பெண்ணாக உணர்கிறாரா என்பதைப் பற்றியது. ஆண்டுதோறும் சித்திரையில் அண்மை மாவட்டமான கள்ளக்குறிச்சியின் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா நடைபெறுவதால், நம் பகுதி மக்கள் திருநங்கையரை நன்கு அறிவர். அதனாலேயே, மகன் தன்பாலீர்ப்பு உடையவன் என்று அறிந்தவுடன், "இவன் திருநங்கையாகிவிடுவானோ" என்று சில பெற்றோர் கேட்கின்றனர். இரண்டும் ஒன்றல்ல. தன்பாலீர்ப்பு உடைய ஆண், தம்மை ஆணாகவே உணர்கிறார். இவ்வேறுபாட்டைப் பெற்றோருக்குப் பொறுமையாக விளக்குவதும் உளவியலாளரின் பணிகளுள் ஒன்று.

நோயன்று எனத் தெளிந்த வரலாறு

ஒரு காலத்தில் மருத்துவ நூல்களே தன்பாலீர்ப்பை மனநோய் என்று எழுதின. சிறைகளிலும் மருத்துவமனைகளிலும் இருந்தவர்களை மட்டும் ஆராய்ந்து அம்முடிவுக்கு வந்தமை அதற்கு ஒரு காரணம். அமெரிக்க உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர் வேறு வழியில் ஆராய்ந்தார். இயல்பாக வாழ்ந்துவந்த தன்பாலீர்ப்பு உடைய ஆடவர் 30 பேருக்கும், எதிர்பாலீர்ப்பு உடைய ஆடவர் 30 பேருக்கும் ஒரே உளவியல் சோதனைகளை நடத்தினார். யாருடைய விடைத்தாள் என்பதைச் சொல்லாமல் அவற்றைத் தேர்ந்த வல்லுநர்களிடம் கொடுத்தார். எது எந்தப் பிரிவினருடையது என்று அவர்களால் பிரித்தறிய இயலவில்லை. இம்முடிவுகள் 1957இல் வெளியாயின.

1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1990 மே 17 அன்று உலக சுகாதார நிறுவனமும் அவ்வாறே முடிவெடுத்தது. இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018இல், தன்பாலீர்ப்பு மனநோயன்று என்று வெளிப்படையாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் மனமொத்து வாழும் தன்பால் உறவு குற்றமன்று என்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

அவ்வாறாயின், தன்பாலீர்ப்பு உடையோரிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் மிகுதியாகக் காணப்படுவது ஏன் என்று வாசகர்கள் கேட்கலாம். இலான் மேயர் என்னும் ஆய்வாளர் 2003இல் இதற்கு விரிவான விளக்கம் அளித்தார். ஏளனம், புறக்கணிப்பு, யாருக்காவது தெரிந்துவிடுமோ என்னும் ஓயாத அச்சம், தம்மைத் தாமே வெறுக்கும் நிலை ஆகியவை நாள்தோறும் சேர்ந்து உடலையும் மனத்தையும் நலியச் செய்கின்றன. துன்பம் ஈர்ப்பிலிருந்து வருவதில்லை. ஈர்ப்பை மறைத்து வாழ வேண்டிய நிலையிலிருந்து வருகிறது. எதற்குச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெளிவாகிறது.

நீதிபதியே உளவியலாளரை நாடிய வழக்கு

இத்துறையில் தமிழ்நாட்டில் நிகழ்ந்த முக்கியமான திருப்பம் ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். ஒருவரையொருவர் விரும்பிய இளம்பெண்கள் இருவர் பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்தனர். பெண்களைக் காணவில்லை என்று பெற்றோர் காவல்துறையில் புகார் அளித்தனர். இருவரும் பாதுகாப்புக் கோரிச் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர்.

வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அப்பெண்களையும் பெற்றோரையும் ஓர் ஆலோசகரிடம் அனுப்பினார். அத்துடன் நில்லாமல், இப்பொருளைத் தாமும் முழுமையாக அறிந்திருக்கவில்லை என்று திறந்த மனத்துடன் கூறி, தமக்கும் ஓர் உளவியலாளரின் வழிகாட்டல் வேண்டும் எனக் கேட்டுக்கொண்டார். உளவியலாளரைச் சந்தித்து உரையாடிய பின்னரே, 2021 ஜூன் 7 அன்று விரிவான ஆணையைப் பிறப்பித்தார். ஒருவருடைய பாலீர்ப்பை மருத்துவத்தின் வழியாக மாற்ற முயல்வதை அவ்வாணை தடை செய்தது. அம்முயற்சியில் ஈடுபடுவோர்மீது, தொழில் உரிமத்தைத் திரும்பப் பெறுவது உட்பட நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

அதன் தொடர்ச்சியாக, 2022 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் இத்தகைய மாற்றுச் சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என அறிவித்து, மாநில மருத்துவ கவுன்சில்களுக்குத் தெரிவித்தது. ஆகவே இன்று எந்த மருத்துவரேனும் "பாலீர்ப்பை மாற்றித் தருகிறேன்" என்று கூறினால், அது தம் தொழிலின் ஒழுக்க விதியை மீறிய செயலாகும்.

ஆயினும் ஓர் ஆணையால் எல்லாருடைய பயிற்சியும் ஒரே நாளில் மாறிவிடுவதில்லை. தன்பாலீர்ப்பைப் பற்றிய இழிவான கருத்துகளைப் பாடநூல்களிலிருந்து நீக்குமாறு தேசிய மருத்துவ ஆணையம் 2021இல் அறிவுறுத்தியது. ஆனால் 2024 ஆகஸ்டில் அதே ஆணையம் வெளியிட்ட பாடத்திட்ட வழிகாட்டுதலில், பெண்களுக்கிடையிலான தன்பாலுறவு பாலியல் குற்றங்களின் வரிசையில் மீண்டும் இடம்பெற்றது. எதிர்ப்பு எழுந்தபின், அடுத்த மாதமே அவ்வழிகாட்டுதல் திரும்பப் பெறப்பட்டது. பாடத்திட்டமே இவ்வாறு தடுமாறும்போது, பட்டம் ஒன்றை மட்டும் வைத்து ஒருவரின் தேர்ச்சியை அளவிட இயலாது. எனவேதான் நோயாளியும் குடும்பத்தாரும் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

தேர்ச்சி பெற்ற உளவியலாளரின் அணுகுமுறை

உளவியலாளர்கள் இவ்விடயத்தில் எவ்வாறு பணியாற்ற வேண்டும் என்பதற்கு அமெரிக்க உளவியல் சங்கம் 2000இல் நெறிமுறைகளை வகுத்தது. 2011இலும் 2021இலும் அவற்றைத் திருத்தி அமைத்தது. இந்தியாவிலும் இதற்கெனத் தனிப் பயிற்சி வகுப்புகள் நடைபெறுகின்றன. நம் பகுதி நோயாளிகளுக்கு உதவும் வகையில், நல்ல அணுகுமுறையின் அடையாளங்களைக் கீழே தருகிறோம்.

முதலாவது, நோயாளி என்ன துன்பத்துடன் வந்திருக்கிறாரோ அதற்கு முதலிடம் தருவார். தேர்வு அச்சத்துடன் வந்த கல்லூரி மாணவிக்குத் தேர்வு அச்சத்துக்கான உதவிதான் வேண்டும். அவர் பெண்ணை விரும்புகிறார் என்று தெரிந்தவுடன் எல்லாத் துன்பத்துக்கும் அதுவே காரணம் என்று கொள்ளமாட்டார். அதே வேளையில், அதனால் அவருக்கு இல்லத்தில் நெருக்கடி இருக்குமாயின் அதைக் கேளாமலும் விடமாட்டார்.

இரண்டாவது, கேள்விகளைக் கவனத்துடன் கேட்பார். "எப்போது திருமணம்?", "கணவர் என்ன செய்கிறார்?" என்று தொடங்காமல், "உங்களுக்கு நெருக்கமானவர் எவரேனும் உள்ளாரா?" என்று கேட்பார். இச்சிறு மாற்றமே சிலருக்குப் பேசும் துணிவைத் தருகிறது.

மூன்றாவது, இருபாலீர்ப்பைக் குழப்பம் என்றோ, இடைக்கால நிலை என்றோ தள்ளிவிடமாட்டார். ஓர் ஆணையும் விரும்பக்கூடிய பெண்ணிடம், "அப்படியானால் நீ ஆணையே மணந்துகொள்ளலாமே" என்று எளிதாகச் சொல்லிவிடவும் மாட்டார்.

நான்காவது, வீட்டில் சொல்லிவிடுமாறு அவசரப்படுத்தமாட்டார். பெருநகரத்தில் தனித்து வாழ்ந்து சம்பாதிப்பவருக்குப் பொருந்தும் அறிவுரை, பெற்றோருடன் ஒரே வீட்டில் வாழ்ந்து, கல்விக் கட்டணத்துக்கு அவர்களையே நம்பியிருக்கும் மாணவருக்குப் பொருந்தாது. வீட்டில் தெரிந்தால் படிப்பு நிறுத்தப்படுமா, கைப்பேசி பறிக்கப்படுமா, கட்டாயத் திருமணம் நடக்குமா, அடி விழுமா என்பவற்றை எண்ணிப் பார்க்க உதவுவார். எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்னும் முடிவை நோயாளியிடமே விட்டுவிடுவார்.

ஐந்தாவது, தம் எல்லையை அறிந்திருப்பார். தமக்கு இத்துறையில் போதிய பயிற்சி இல்லை என்று உணர்ந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லி, பயிற்சி உள்ள ஒருவரிடம் அனுப்புவார். அவ்வாறு அனுப்புவது நோயாளியைக் கைவிடுவதாகாது; பொறுப்பான செயலே ஆகும்.

எச்சரிக்கை தரும் சொற்கள்

"இத்தனை அமர்வுகளில் சரிசெய்துவிடலாம்" என்று உறுதி கூறுதல். பாலீர்ப்பை மாற்றவென்றே மாத்திரையோ ஹார்மோன் ஊசியோ தருதல். அருவருப்பையோ வலியையோ உண்டாக்கும் பயிற்சிகளை அளித்தல். வேண்டுதலோ மந்திரமோ செய்யுமாறு மருத்துவ அறையிலேயே அறிவுறுத்துதல். "திருமணம் செய்து வையுங்கள், எல்லாம் மாறிவிடும்" என்று பெற்றோரிடம் சொல்லுதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அங்குச் சிகிச்சையைத் தொடர வேண்டாம். இவற்றால் பாலீர்ப்பு மாறுவதில்லை. குற்ற உணர்வும் மனச்சோர்வும் மிகுவதே விளைவு.

இங்கு ஒரு விளக்கம் தேவை. கடும் மனச்சோர்வுக்கு, மயக்க மருந்து கொடுத்து முறைப்படி அளிக்கப்படும் மின்னதிர்வுச் சிகிச்சை ஏற்கப்பட்ட மருத்துவம். அதுபோலவே, மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மனநல மருத்துவர் எழுதித் தரும் மாத்திரைகளும் தேவையானவையே. அவற்றைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. "இம்மருந்து எதற்காகத் தரப்படுகிறது?" என்று கேட்டு அறிந்துகொள்வதே முறை.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

எங்கள் வளர்ப்பில் குறை நேர்ந்துவிட்டதா?

இல்லை. தாயின் செல்லமோ, தந்தையின் கண்டிப்போ, விடுதி வாழ்க்கையோ, நண்பர்களின் பழக்கமோ ஒருவரைத் தன்பாலீர்ப்பு உடையவராக ஆக்குவதில்லை. ஒரே வீட்டில் ஒரே விதமாக வளர்ந்த உடன்பிறந்தாருள் ஒருவர் மட்டும் இவ்வாறு இருப்பதைக் காண்கிறோம். பெற்றோர் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

திருமணம் செய்து வைத்தால் சரியாகிவிடாதா?

திருமணம் மருந்தன்று. அதில் மற்றொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்வும் அடங்கியுள்ளது. உண்மையை மறைத்து நடத்தப்படும் திருமணத்தில், ஒருவர் பட்ட துன்பத்தை இருவர் படுகின்றனர். ஓராண்டு கழித்து அந்த மணமகளோ மணமகனோ அதே மனநலப் பிரிவுக்கு வந்து நிற்கும் நிலை ஏற்படக்கூடும்.

ஊரார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சுகிறோம். எங்கள் துன்பத்துக்கு யார் விடை சொல்வது?

இவ்வச்சம் உண்மையானது. தங்கையின் திருமணம், கோயில் விழா, சொந்தபந்தம் என்று பெற்றோர் பலவற்றை எண்ணுகின்றனர். நல்ல உளவியலாளர் இதனை இகழமாட்டார். பெற்றோருக்கெனத் தனியாக நேரம் ஒதுக்கி, அவர்தம் துயரத்தையும் கேட்பார். ஆனால், ஊரார் வாயை அடைப்பதற்காகப் பிள்ளையின் உயிருக்கு ஊறு நேரக்கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்வார். உறவினரிடம் என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று பெற்றோருடன் சேர்ந்து திட்டமிடவும் உதவுவார். சென்னையைச் சேர்ந்த ஓரினம் என்னும் குழு, இத்தகைய குடும்பங்களுக்கான செய்திகளைத் தமிழிலும் வெளியிட்டு வருகிறது.

உடனே ஏற்றுக்கொள்ள எங்களால் இயலவில்லையே?

உடனே ஏற்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. அதுவரை செய்ய வேண்டியவை சில உண்டு. வீட்டை விட்டு வெளியேற்றாதீர்கள். அடிக்காதீர்கள். அறையில் பூட்டி வைக்காதீர்கள். ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணுங்கள். "எங்களுக்குப் புரியவில்லை, ஆனால் நீ எங்கள் பிள்ளை" என்று சொல்ல இயன்றால், அதுவே பெரும் மருந்து.

சட்டம் தரும் பாதுகாப்பு

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்குப் பல உரிமைகளை அளிக்கிறது. ஒருவரது நடத்தை சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு வழக்கங்களுக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக அவருக்கு மனநோய் உள்ளதாக முடிவு செய்யக் கூடாது என்று அதன் 3ஆம் பிரிவு கூறுகிறது. பாலீர்ப்பின் அடிப்படையில் வேறுபாடு காட்டாமல் சேவை அளிக்க வேண்டும் என்று 18ஆம் பிரிவு கூறுகிறது. நோயாளி சொன்ன செய்திகளை மறைவாகக் காக்க வேண்டும் என்பது 23ஆம் பிரிவு. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில நிலைகளில் மட்டுமே இதற்கு விலக்கு உண்டு. 18 வயது நிறையாதோர் விடயத்தில் பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ பங்கு உண்டு. ஆகவே எதை மறைவாக வைத்திருப்பார், எதைப் பெற்றோரிடம் சொல்வார் என்று தொடக்கத்திலேயே உளவியலாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வயதுவந்த எவரும், தமக்காகப் பேசத்தக்க ஒருவரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டு நியமிக்கலாம் என்று 14ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அவர் உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; நம்பத்தகுந்த நண்பராகவும் இருக்கலாம். சேவையில் குறை இருந்தால், 28ஆம் பிரிவின்படி முதலில் அந்நிலையத்தின் பொறுப்பு மருத்துவரிடம் புகார் அளிக்கலாம். தீர்வு கிட்டாவிடில் மனநல மறுஆய்வு வாரியத்தை அணுகலாம்.

வேலூர் மாவட்டம் தொடர்பான ஒரு வழக்கில், 25 வயதுப் பெண் ஒருவர் தம் விருப்பத்துக்கு மாறாகக் குடும்பத்தாரால் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். தம்மை இயல்பு நிலைக்குக் கொண்டுவரச் சடங்குகள் செய்யப்பட்டதாகவும் அவர் தெரிவித்தார். 2025 மே 22 அன்று சென்னை உயர்நீதிமன்றம், அவர் விரும்பியவருடன் செல்லலாம் என்று தீர்ப்பளித்தது. குடும்பம் என்பது திருமணத்தால் மட்டுமே அமைவதன்று என்றும் நீதிபதிகள் குறிப்பிட்டனர். இதற்கு முன்னதாக 2024 மார்ச்சில், இத்தகைய வழக்குகளில் ஒருவரது மனத்தை மாற்றும் நோக்குடன் ஆலோசனைக்கு அனுப்பக் கூடாது என்று உச்சநீதிமன்றம் நீதிமன்றங்களுக்கு நெறிமுறை வகுத்தது. மனநல ஆலோசனை ஒருவரைப் பணிய வைக்கும் கருவியாகக் கூடாது என்பதே இதன் சாரம்.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

மனநல மருத்துவர், மருத்துவம் பயின்று மருந்து எழுதித் தருபவர். மாநில மருத்துவ கவுன்சிலில் பதிவு பெற்றவர். மருத்துவ உளவியலாளர், உளவியல் சோதனையும் பேச்சுவழிச் சிகிச்சையும் அளிப்பவர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவர். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. அதனுடன் பின்வருவனவற்றையும் பணிவாகக் கேளுங்கள்:

1. தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உடையோருடன் பணியாற்றப் பயிற்சி பெற்றுள்ளீர்களா?

2. பாலீர்ப்பை மாற்ற இயலும் என்று கருதுகிறீர்களா?

3. நான் சொல்வதை என் பெற்றோர் கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்?

4. என் மருத்துவக் குறிப்பில் எதை எழுதுவீர்கள்? அதை யார் யார் பார்க்க முடியும்?

5. என் குடும்பத்தாரிடம் பேச வேண்டிய நிலை வந்தால், முதலில் என் ஒப்புதலைப் பெறுவீர்களா?

இரண்டாம் கேள்விக்கு "இயலாது, அது தேவையும் இல்லை" என்பதே சரியான விடை. மற்றவற்றுக்குத் தயக்கமின்றி விளக்கம் தருபவரை நம்பலாம். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால், ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். பெற்றோருடன் வந்திருந்தாலும், தனியாகப் பேசச் சில நிமிடங்கள் வேண்டும் என்று கேட்கலாம்.

உதவி கிடைக்கும் இடங்கள்

முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் மனநல மருத்துவத் துறைகள் உள்ளன. திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரி ஏறத்தாழ அதே தொலைவுதான். பயணம் செய்ய இயலாதோர், வீட்டிலிருந்தபடியே 14416 என்னும் எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்த டெலி மானஸ் சேவை இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தமிழிலேயே பேசலாம். பெற்றோரும் அழைக்கலாம்.

தற்கொலை எண்ணம் இருப்பதாக உங்கள் பிள்ளை சொன்னால், காரணத்தை ஆராய்வதையும் அறிவுரை கூறுவதையும் ஒத்திவையுங்கள். தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்து, மாத்திரைகள் ஆகியவற்றை எட்டாத இடத்தில் வையுங்கள். அன்றே அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். ஆபத்து உடனடியானதாயின் 108 எண்ணை அழையுங்கள். அவசரச் சிகிச்சைப் பிரிவில், பிள்ளை யாரை விரும்புகிறார் என்பதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. என்ன உட்கொண்டார், எப்போது உட்கொண்டார், ஏற்கெனவே என்ன மருந்து எடுத்து வருகிறார் என்பவற்றைச் சொன்னால் போதும். மற்றவற்றைப் பேச, உடல் தேறிய பின் உளவியலாளரின் அறையில் நேரம் உண்டு.